குலாம் ரசூலின் அளவுகள்

அப்பா காலமாகி மூன்று மாதம் கழித்து, 1994 ஜூனில், விசாலாக்ஷி அவருடைய பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் வேதாந்தம் முப்பது வருஷம் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். பழைய வினாத்தாள்களுக்கு நடுவே, 1971-ல் கல்லூரி முதல்வருக்கு அவர் எழுதிய ஆங்கிலக் கடிதத்தின் நகல் கிடைத்தது.

குலாம் ரசூல் என்ற மாணவன் செய்முறைத் தேர்வில் அளவுகளை இட்டுக்கட்டி எழுதியதாகச் சொல்லி அவனைப் பெயிலாக்கியிருந்தார். ஒரு வாரம் கழித்து, அவன் சோதனைக்குப் பயன்படுத்திய மீட்டரைப் பிரித்தபோதுதான் பழுது அதில் என்று தெரிந்தது. கண்டதைத்தான் அவன் எழுதியிருந்தான். தவறு தன்னுடையது, மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும் என்று மன்றாடியிருந்தார். முடிவு வெளியாகிவிட்டது, இயலாது என்ற பதிலும் கூடவே குத்தியிருந்தது. அதன் பின்புறம் அப்பாவின் கையெழுத்தில், பென்சிலில், அந்த மாணவனின் ராயப்பேட்டை விலாசம். கீழே, 'குடும்பமே ஆம்பூர் போய்விட்டது' என்ற குறிப்பு.

வீட்டில் அவர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் தெருவுக்குப் போய் விசாரித்தாள். போனவர்கள் சில வருஷத்திலேயே திரும்பிவிட்டார்களாம். குலாம் ரசூல் தி.நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மாடியிலேயே வீடு என்றார்கள்.

கடையில் அவள் அப்பா பெயரைச் சொன்னதும் குலாம் ரசூல் எழுந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"உங்களைத் தேடிண்டு போயிருக்கார். எங்களுக்குத்தான் தெரியாது" என்றாள் விசாலாக்ஷி.

"ஒரு தபா அடையாறு பஸ் ஸ்டாண்டுல பேர் சொல்லிக் கூப்ட்டாரும்மா. திட்டத்தான் வராருன்னு பஸ்ஸுல ஏறிட்டேன். கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடியாந்தாரு."

அவர் மேஜைமேல் கிடந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தை மடக்கினார், பிரித்தார். பிறகு அவளை மாடிக்கு அழைத்துப்போய், மனைவி அஸ்மத்துன்னிசாவுக்குக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

முடிந்ததும் அவர் மனைவி கேட்டாள்.

"படிப்பு மண்டையில ஏறல, விட்டுட்டேன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

"பொய் எழுதினேன்னு பெயிலாக்கிட்டாங்கன்னு சொல்றதுக்கு வாய் வரல."

அஸ்மத்துன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விசாலாக்ஷிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா படிங்க" என்றாள் கணவரிடம். "மெதுவா."