மறுத்தார்

சிறை அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவளுக்கு ஒரு குறுக்குவழி தெரிந்திருந்தது. கைதிகளைக் குடியிலிருந்து மீட்கும் குடிமறப்பு வகுப்பில் இருபது இடம்தான். கேட்கிற கைதிக்கு இடம் தரவேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் காரணம் எழுதி மேலே அனுப்பவேண்டும். அனுப்பினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் கண்காணிப்பாளர் காய்ச்சி எடுத்துவிடுவார். அதனால் இருபதைத் தாண்டிய பெயர்களுக்கு எதிரே ‘மறுத்தார்’ என்று எழுதிவிடுவாள். தலைவலி விட்டது.

ஒருநாள் காலை, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் கைதிக்கு முன்விடுதலை விசாரணை. குடிவெறியில் அக்கா புருஷனின் கையை முறித்துவிட்டு உள்ளே வந்தவன். அப்படியும் அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பதிவேட்டுக்காரி கொண்டுவந்து வைத்த பதிவேட்டை முன்விடுதலைக் குழுவின் தலைவர் புரட்டினார். “குடிமறப்பு வகுப்பு வேணாம்னு நாலு தடவை மறுத்திருக்கீங்க?”

“இல்லைங்கய்யா, நாலு தடவை கேட்டு மனு குடுத்தேன்.”

அக்கா பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். “எத்தனை சத்தியம்டா பண்ணே! அவரு இன்னும் சட்டை போட ஆள் தேடுறாரு. ஒரு வகுப்புல போய் உக்கார உனக்கு உடம்பு வணங்கலையா?”

“கேட்டேன்க்கா.”

“பொய் சொல்லாத. எழுத்துல இருக்கு.”

ஒல்லி தலையைத் தொங்கப்போட்டான். பதிவேட்டுக்காரிக்குக் காது மடல் கொதித்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இரண்டே நிமிடத்தில் ஒல்லியின் விடுதலை மனு தள்ளுபடியானது.

நடைவழியில் அக்கா கண்ணைத் துடைத்தபடி போவதைப் பார்த்ததும் பதிவேட்டுக்காரியால் இருக்க முடியவில்லை. பின்னாலேயே போனாள்.

“உங்க தம்பி பொய் சொல்லலைங்க. நாலு மனுவும் என் மேசையில இருக்கு. மறுத்தார்னு எழுதினது நான்தான்.”

“ஏன்?”

“இடம் இல்ல.”

“இடம் இல்லைன்னே எழுதியிருக்கலாமே?”

அக்கா அவளைத் திட்டவில்லை. “அத்தனை பேர் முன்னாடி அவனைப் பொய்யன்னுட்டேனே” என்று மட்டும் சொன்னாள்.

பதிவேட்டுக்காரி மனுக்களை எடுத்துப்போய்க் குழுவின் முன் வைத்தாள். தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நடந்ததை எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தாள். ஒல்லிக்கு மறுநாளே வகுப்பு, மூன்று மாதத்தில் மறு விசாரணை என்று உத்தரவானது.

அதைச் சொல்ல அவளே போனாள். ஒல்லி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ வேறொன்றைக் கேட்டான்.

“என்கூட ஒரு பெரியவர் இருந்தாரே, தச்சர். வெளிய போன அன்னைக்கே குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து செத்தாரு. அவரும் வகுப்பு கேட்டாரு மேடம். அவருக்கும் இப்படித்தானா?”

அவளுக்குப் பதிவேட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“ஆமா” என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அலுவலகத்துக்குத் திரும்பி, பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து, தான் ‘மறுத்தார்’ என்று எழுதிய பெயர்களைத் தனித்தாளில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கேட்டார், இடம் இல்லை, வகுப்பு தரவேண்டும்’ என்று குறித்தாள். மாலைக்குள் அறுபத்தொரு பெயர்கள் சேர்ந்தன. கண்காணிப்பாளரின் அறைக்குப் போகும்போது, தச்சரின் பெயருக்கு எதிரே மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமனே விட்டிருந்தாள்.