சிவப்பு மூடி டிபன் பாக்ஸ்

ஆண், பெண் ஆசையைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்பிய டாக்டர் சுபஸ்ரீயைப் பார்த்துப் படித்தவர்களே முகம் சுளித்தார்கள். ஒரகடத்துக் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் பெண்களிடம் இதையெல்லாம் அவருக்கு முன் யாரும் கேட்டதே இல்லை. அவர்கள் தங்கியிருந்த பென்னலூர் ஹாஸ்டலில் கதவைச் சாத்திக்கொண்டு, பேர்கூட எழுதாமல், ஒவ்வொருத்தியிடமும் தனியாகப் பேசினார். அத்தனை ஜாக்கிரதை!

ஆனால் நம்ம ஊர்ப் பழக்கம் விடுமா? வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்தார். எல்லாம் ஒரே மாதிரி, சிவப்பு மூடி போட்டது.

விஷயம் காதில் விழுந்ததும், டப்பா வைத்திருப்பவள்தான் பேசியவள் என்று வார்டன் ராஜாமணி அறை அறையாக அலமாரியைக் குடைந்தாள். மற்றவர்கள் டப்பாவை ஒளித்துவிட்டார்கள். ஷிப்டுக்குப் போயிருந்த செந்தாமரையும் கலைமதியும் மாட்டிக்கொண்டார்கள்.

"உங்க பொண்ணு அசிங்கம் பேசிகினு கீது. வந்து இட்டுகினு போங்க" என்று இரண்டு வீட்டுக்கும் போன் போட்டாள் அந்த மகராசி.

சுபஸ்ரீ பதறியடித்து ஓடிவந்தபோது செந்தாமரையின் அப்பா மாரிமுத்து வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் கலைமதியின் அண்ணன், தங்கையின் கையை இறுக்கிப் பிடித்தபடி.

"டாக்டரம்மா, எம் பொண்ணு உங்க கைல இன்னாதான் சொல்லிச்சு?" என்றார் மாரிமுத்து.

"நான் ஒண்ணுமே சொல்லலன்னு சொல்லுங்க மேடம்!" செந்தாமரை அழுதாள்.

சத்தியமான வார்த்தை. அவள் வெட்கப்பட்டு, வாயே திறக்காமல், டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போனவள். மனசைக் கொட்டியது கலைமதி. கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மேல்தான் தனக்கு ஆசை என்று முதன்முதலாக ஒருத்தரிடம் சொன்னாள். இப்போது செந்தாமரை பேசவில்லை என்று சுபஸ்ரீ சொன்னால் அடுத்த கேள்வி கலைமதியைப் பற்றித்தான். அந்த அண்ணன்காரன் அவளை உயிரோடு விடுவானா?

"யார் பேசினாங்க, பேசலன்னு நான் சொல்லக்கூடாதுங்க. ரெண்டு பேருமே தப்பு பண்ணல."

"அப்போ, வாயால சொல்ல முடியாத அளவுக்குப் பேசிக்கீது" என்றார் மாரிமுத்து. தலை தொங்கிப்போயிற்று. "வூட்டுக்கு வா."

"நீயும் பைய எடுடி" என்றான் கலைமதியின் அண்ணன்.

சுபஸ்ரீ குறுக்கே போய்க் கெஞ்சினார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. செந்தாமரை அழுகையை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேசியாவது இருக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் பின்னால் நடந்தாள்.