பின் ஸ்பிரிங்குக்குக் கேட்ட சீட்டு

செந்தூரனின் லொறி வெறுமையாக நின்றாலும் பின்பக்கம் குந்திக்கொண்டுதான் நிற்கும். சண்டிலிப்பாயில் அதைக் காண்கிறவர்கள் உள்ளே பாரம் இருக்கிறது என்று நினைப்பார்கள். உள்ளே ஒரு வெறுஞ்சாக்குக்கூட இல்லை. பின் ஸ்பிரிங் தகடுகள் வளைவு போய் நிமிர்ந்து, இரண்டு வெடித்தும் விட்டன.

போன வருடம் முறிகண்டிக்கு இப்பால் ஒரு தகடு முறிந்து, லொறி மழைக்குள் நின்று, சுன்னாகத்து முதலாளியின் வெங்காயம் அழுகிப்போனது. முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போடாத முதலாளிமார்தான் பொல்லாதவர்கள். இந்த முறை ஆறுதலாகவே சொன்னார்.

"தம்பி, சனிக்கிழமை ஆள் அனுப்புவன். புது ஸ்பிரிங்கை அவன் கண்ணாலை கண்டால் இந்தப் போகம் முழுக்க ஓட்டம் உமக்கு. இல்லாட்டி நான் வேறை வாகனம் பாக்கிறன்."

அந்த ஓட்டம் கிடைக்காவிட்டால் லொறி எடுத்த லீசிங் கடனைக் கட்ட வழியில்லை. ஏற்கெனவே கட்டுக்காசு நிலுவை. இன்னொரு மாதம் தவறினால் லொறியைக் கட்டியிழுத்துக்கொண்டு போவோம் என்று லீசிங்காரர் படலையில் நின்று அயலுக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். லொறி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மருதனார்மடத்தில் கராச் வைத்திருக்கும் பிரகாஸ் லொறிக்குக் கீழே படுத்துப் பார்த்தான். எழும்பி வந்து, எல்லாம் மாற்ற மூன்றரை லட்சம் என்றான். செந்தூரன் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினான்.

"சொக்கப்சோபரை விட்டால்?"

"விடலாம். குலுக்கும்."

"புஷ்?"

"பழசையே போடலாம். சத்தம் வரும்."

"குலுக்கினால் குலுக்கட்டும், கத்தினால் கத்தட்டும். தகடு மட்டும் எவ்வளவு?"

"கழட்டிப் பூட்டுற கூலியோடை ரெண்டு லட்சத்து நாப்பது. அதுக்குக் கீழை ஏலாது அண்ணை. வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள்ளை கொழும்புக்குக் காசு போட்டால்தான் சனிக்கு முந்திச் சாமான் வரும். கடன் எண்டால் அவங்கள் ஏத்தமாட்டாங்கள்."

"ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டால்?"

"ஒரு காலுக்கு மட்டும் செருப்புப் போட்டு நடப்பியளோ?"

செந்தூரன் வீட்டுக்கு வந்து மனைவி உதயகலாவிடம் தொகையைச் சொன்னான். நகையெல்லாம் எப்போதோ வங்கிக்குப் போய்விட்டது. கனடாவில் இருக்கும் சித்தப்பா இவன் நம்பரைக் கண்டாலே போனை எடுப்பதில்லை. உதயகலா "ம்" என்றாள். இருவர் மனதிலும் ஒவ்வொரு வழி இருந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. கெட்ட காலம் வரும்போது இந்தப் பூட்டையும் கையோடு கொண்டுதான் வருகிறது.

உதயகலாவின் வழி சீட்டு. சீட்டுப் பிடிக்கும் மகாதேவி அக்கா வீட்டில் மாதாமாதம் கூடும் மூன்று லட்சத்துச் சீட்டில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. சட்டை தைத்த காசில் கட்டி வந்தாள். புருஷனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அது எப்போதோ லொறி ரயராக உருண்டு போயிருக்கும்.

அது கழிவுச் சீட்டு. காசு வேண்டியவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். அதிகம் விடுகிறவளுக்கு மிச்சக் காசு. விட்ட காசை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அவசரத்தை முகத்தில் காட்டினால் தொலைந்தாள். ஆகவே அங்கே ஒரு கட்டுப்பாடு. எதற்குக் காசு என்று எவரும் எவரையும் கேட்கக்கூடாது. யார் கேட்டார்கள் என்பதையும் படலைக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. பெண்களின் மானத்தைக் காக்க வந்த நல்ல வழக்கம்தான். அன்றைக்கு அது குடியைக் கெடுத்தது.

வியாழக்கிழமை பின்னேரம் உதயகலா நல்ல சேலை உடுத்து, கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரிப் போனாள். மனதுக்குள் கணக்கு இருந்தது. அறுபதாயிரம் வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் ஸ்பிரிங் வராது.

"இருபது" என்று தொடங்கினாள்.

"இருபத்தைஞ்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பாமலே ஆளைத் தெரிந்தது. மீனாம்பிகை, செந்தூரனின் கூடப்பிறந்த அக்கா. உதயகலாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், வீடியோவில் தன் முகம் விழவில்லை என்று கை நனைக்காமல் எழும்பிப் போனவள். ஒரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. புருஷன் சவூதியில். வீட்டில் ஏசி. இவளுக்கு என்ன அவசரம் என்று உதயகலாவுக்கு நெஞ்சு எரிந்தது.

முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஏறியது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். உதயகலா அறுபது என்றாள். அதற்கு மேல் அவளிடம் இல்லை. ஒரு கணம் முத்துமாரி அம்மனை நினைத்துக்கொண்டாள்.

"அறுபத்தைஞ்சு" என்றாள் மீனாம்பிகை.

அந்த இடத்தில் உதயகலா எழும்பி வந்திருக்க வேண்டும். அழுதுகொண்டாவது வந்திருக்க வேண்டும். ஆனால் தனக்கு இல்லை என்று ஆனதும், அந்தக் காசு மச்சாளுக்கு மலிவாகப் போகக்கூடாது என்று ஒரு பேய் பிடித்துக்கொண்டது. எழுபத்தைந்து என்றாள். எண்பது என்றாள் மற்றவள். கழிவு ஏற ஏறச் சுற்றி இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஒருத்தி உதயகலாவின் முழங்கையை இடித்து, "விடாதையும்" என்றாள். நூறு. நூற்றிப்பத்து. நூற்றிமுப்பது.

"நூத்திநாப்பது" என்றாள் மீனாம்பிகை.

"எடுக்கட்டும்" என்றாள் உதயகலா.

வெளியே வந்து சைக்கிளை மிதிக்கும்போது முதலில் ஒரு சந்தோசம் இருந்தது. மச்சாளுக்கு நல்லாய்க் கொடுத்தேன் என்ற சந்தோசம். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பி, குந்தி நிற்கும் லொறியின் பின்பக்கத்தைக் கண்டதும் அது கரைந்து போனது. இனி யாரிடம் போவது? குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.

சிறிது நேரத்தில் படலை திறந்தது. மீனாம்பிகை உள்ளே வந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் அவள் கால். செந்தூரன் எழும்பி ஓடினான்.

"எடுத்திட்டியோ அக்கா?"

"எடுத்தனான் தம்பி." காசுப் பையை அவன் கையில் வைத்தாள். "ஒண்டு அறுபதுதான் கிடைச்சது."

"ரெண்டு நாப்பது வேணுமெண்டு சொன்னனானே."

"கழிவு ஏறிப் போச்சு. பாதியிலை விட்டிட்டு வெறுங்கையோடை எப்பிடி உன்ரை முகத்திலை முழிக்கிறது? மிச்சத்தை எங்கையாவது பிரட்டலாமெண்டு நினைச்சனான். என்னட்டை ஒரு சதமும் இல்லையடா. அத்தான் காசு அனுப்பி நாலு மாசம். அங்கை வேலை போயிட்டுது."

செந்தூரன் பிரகாசுக்குப் போன் எடுத்தான். ஒரு எண்பதாயிரம் மட்டும் கடன், ஒரு கிழமைக்குள் தருவேன் என்று கெஞ்சினான். பிரகாஸ் போனை வைத்துவிட்டான். ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"ஆரக்கா ஏத்தினது?"

"சீட்டிலை கேட்ட ஆளின்ரை பேர் சொல்லுறேல்லை."

"எந்த நாசமறுவாளோ, அவளின்ரை குடும்பம் நடுத்தெருவிலைதான் நிக்கும். இருந்து பார்."

"வாயை மூடு தம்பி" என்று மீனாம்பிகை பதறினாள். அவளுடைய கண் குசினி வாசலில் நின்றது.

உதயகலா அங்கே தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். பேசாமல் இருந்திருக்கலாம். மச்சாள் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் அந்தச் சாபம் விழுந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு எப்படி நிற்பது?

"நான்தான்" என்றாள்.

"உன்னட்டைச் சீட்டு இருந்ததே?"

"ஓம்."

"எதுக்கடி கேட்டனி?"

"லொறிக்குத்தான். அறுபதோடை விட்டிருப்பன். மச்சாளெண்டபடியால் விடேல்லை. நீங்கள்தான் கேக்கச் சொன்னதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் அக்காவிட்டைப் போக விட்டிருப்பியோ?"

"என்னிலை உள்ள கோவத்திலை ஏத்துறாளெண்டெல்லோ நினைச்சனான்" என்ற மீனாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். செந்தூரன் அடிப்பான் என்று உதயகலா நினைத்தாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் காசுப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தான்.

"ஐயா, செந்தூரன் கதைக்கிறன். சனிக்கிழமை ஆளை அனுப்ப வேண்டாம். வேறை வாகனம் பாருங்கோ."

முதலாளி மறுபக்கத்தில் ஏதோ கேட்டார். காசு பிரளவில்லையோ என்று கேட்டிருப்பார்.

"காசு இருந்ததையா" என்றான் செந்தூரன். "எங்கடை வீட்டுக்குள்ளையே சிலவழிஞ்சு போச்சு."