நல்லையா எழுதிய ஐந்து அறிக்கைகள்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம், மலாக்கா மாஜிஸ்திரேட், மருதமுத்து என்பவனை நன்னடத்தை அதிகாரி நல்லையாவின் பொறுப்பில் ஒப்படைத்தார். மருதமுத்துவுக்குப் புக்கிட் ரம்பாயில் ரப்பர் கிடங்கு வேலை. மனைவி சீதாவை அடித்து முன்பல்லை உடைத்ததற்காக வந்த வழக்கு. முதல் குற்றம் என்பதால் சிறை இல்லை. ஒரு வருஷம் குடிக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. நல்லையா மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

நல்லையாவுக்கு அதில் பெருமைதான். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் சில்லறைத் திருட்டு வழக்குகள். இப்போது ஒரு குடும்பமே தன் கையால் நிமிரப் போகிறது என்று நினைத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காஜா பேராங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்குச் சைக்கிளில் போவார். மருதமுத்து சலவைச் சட்டையோடு வாசலில் காத்திருப்பான். சீதா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள்.

“பிள்ளை, ஏதும் கரைச்சல் இருக்கோ?” என்று தன் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்பார்.

“ஒன்னும் இல்லைங்க ஐயா.”

மருதமுத்து அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பான். நல்லையா அலுவலகம் திரும்பி ‘திருப்திகரம்’ என்று எழுதுவார். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. மேலதிகாரி அந்தக் கோப்பைப் புதியவர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

ஜனவரியில் ஒருநாள் மரியம் அலுவலகத்துக்கு வந்தாள். மருதமுத்துவின் அடுத்த வீட்டுக்காரி. கணவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், அவன பக்கத்துல நிக்க வெச்சிக்கிட்டு அவகிட்ட கேட்டா, அவ என்னதான் சொல்லுவா?” என்றாள். “நாளைக்கு அவன் வேலைக்குப் போன பொறவு வாங்க.”

மறுநாள் காலை பத்து மணிக்கு நல்லையா போனார். சீதா இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. அவரைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுத் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

“இது எப்ப நடந்தது?”

“நீங்க வந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கு.”

“ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்ல?”

சீதா வீங்கிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நீங்க போனதும் கதவச் சாத்துவாரு. ‘ஐயா மொகத்த ஏன் அப்படிப் பாத்தே? கண்ணால என்ன சொன்னே?’ன்னு கேட்டுக் கேட்டு அடிப்பாரு. நடுவுல எல்லாம் சும்மாதான் இருப்பாரு. ஐயா கோவிச்சுக்கக் கூடாது. இந்த மாசம் நீங்க வரக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்குவேன்.”

நல்லையாவுக்கு ஐந்து ஞாயிறும் கோப்பி குடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு சைக்கிள் மிதித்து வந்தது நினைவில் எழுந்து முகம் எரிந்தது. அவளை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடியே, “ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்கோ,” என்றார். மரியமும் கூட வந்தாள்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

“புது அடிக்குப் புது வழக்கு. பழைய அறிக்கையைப் பற்றி நீர் ஏன் வாய் திறக்க வேண்டும்?” என்றார் மேலதிகாரி. அன்று முழுவதும் நல்லையாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

ஆனால் கோர்ட்டில் மருதமுத்துவின் வக்கீல் அந்த ஐந்து அறிக்கைகளையும் வரிசையாக வாசித்தார். “அதிகாரியே திருப்தி என்கிறார். இந்தப் பெண் சொல்வதுதான் பொய்,” என்றார்.

நல்லையா கூண்டில் ஏறினார். “சீதா பொய் சொல்லவில்லை. பிழை என்னுடையது. ஒருநாளும் அவரைத் தனியாகக் கேட்கவில்லை. என் வருகைதான் அவருக்கு அடியானது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை உரத்த தமிழில் திருப்பிச் சொன்னார். அறை முழுக்கத் தெரிந்த முகங்கள். தன் குற்றத்தை இரண்டாம் முறை தாய்மொழியில் கேட்டபோது நல்லையா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மருதமுத்துவுக்கு ஒன்பது மாதச் சிறை.

வெளியே மரியத்தோடு நின்ற சீதாவிடம் போனார். “பிள்ளை, என்னை மன்னிக்க வேணும்...”

“அவரு வெளிய வந்தா எனக்கு யாரு சொல்லுவா?” என்று கேட்டாள் சீதா.

“நான் சொல்லுவன்.”

“நீங்க வர வேணாங்க ஐயா. மரியம் அக்காகிட்ட சொல்லி அனுப்புங்க.”

ஊரின் மறுகோடியில், உஜோங் பாசிரில், சீதாவுக்கு ஒரு வீட்டுவேலையை மரியமே பார்த்துக் கொடுத்தாள். மருதமுத்து வெளியே வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நல்லையா மரியத்தின் கணவர் துணிக்கடைக்குப் போய்த் தேதியைச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயில் வாசலில், சீதாவைக் கண்டார். சைக்கிளை விட்டு இறங்கினார். அவளும் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தன் வழியே நடந்தாள்.

வெகுநேரம் வரை நல்லையாவுக்கு மறுபடி சைக்கிளில் ஏறத் தோன்றவில்லை.