கத்துகிற பெட்டி

நசுருதீன் ராவுத்தர் செய்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் சத்தம் வராது. 1934ஆம் வருஷம் திருச்சி பெரிய கடை வீதியில் இது தெரியாத ஆள் கிடையாது, ஏனென்றால் ராவுத்தரே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். மற்றக் கடைத் தகரப் பெட்டிகள் மூடியைத் தூக்கினால் கீச்சென்று ஊரைக் கூட்டும். இவருடைய மூடியோ பூனை எழுந்திருக்கிற மாதிரி எழும். கீலுக்குள் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதற்குள் கம்பி சுழலும்படி செய்திருந்தார். அந்தக் குழாயைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷமும் வீட்டில் அவர் பேசியது கீலைப் பற்றித்தான். சோறு வைத்தால் கீல், பாய் விரித்தால் கீல். அவர் மனைவி ஷரபுன்னிசா பொறுமைசாலி என்று தென்னூர் முழுக்கப் பேர் வாங்கியது சும்மா இல்லை. முதலில் செய்த சத்தமில்லாத பெட்டியை ராவுத்தர் அவளுக்குத்தான் கொடுத்தார். அவள் திறந்து பார்த்தாள், மூடினாள், "நல்லா இருக்குங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்டுகள் புடவையும் நகையும் வைக்கிற பெட்டி அது. ஆனாலும் அதை வாங்குவது அப்பன் வேலை, அண்ணன் வேலை, புருஷன் வேலை. ராவுத்தர் மூடியைத் தூக்கிக் காட்டுவார். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். தானும் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குக்கூடக் கேக்காதுங்களா?"

"தொட்டில்ல கிடக்கிற குழந்தை முழிக்காதுங்க."

"குழந்தை கிடக்கட்டுங்க, பெரியவங்க?"

இந்தக் கேள்வியிலேயே ராவுத்தர் விஷயத்தைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கெட்டிக்காரர்களுக்கு வருகிற ஒரு வகைச் செவிடு அவருக்கும் வந்திருந்தது. பாராட்டு மட்டும்தான் காதில் விழும்.

போன பெட்டிகள் ஒரே வாரத்தில் திரும்பி வர ஆரம்பித்தன. பிச்சமுத்து என்கிற ஒற்றை மாட்டு வண்டிக்காரர்தான் காவேரிப் பாலத்தைத் தாண்டி அவற்றை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு போனவர். அவரே திருப்பிக் கொண்டு வந்தார். போக ஒரு கூலி, வர ஒரு கூலி என்பதால் பெட்டியைப் பற்றி அவருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

வடக்கு உத்தர வீதி சடகோபாச்சாரியார், பெட்டியோடு வண்டியில் தானே ஏறி வந்துவிட்டார். இறங்கும்போது எதையோ பறிகொடுத்தவர் மாதிரி இருந்தது முகம்.

"எனக்குப் பரம திருப்தி ராவுத்தரே. பகவான் சாட்சியாச் சொல்றேன், இப்படி ஒரு பெட்டி லோகத்துல கிடையாது. ஆத்துலதான் வேண்டாங்கறா."

"ஏன் சாமி, என்ன குறை?"

"மேலே ரோஜாப்பூ போட்டிருக்கேளாம். தாமரைன்னா தேவலையாம்."

ராவுத்தர் தாமரை எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் பெட்டி திரும்பி வந்தது, பச்சை வர்ணம் ஆகாதாம். நீலம் அடித்துக் கொடுத்தார். கைப்பிடி உறுத்துகிறது என்று வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து மூடி கனம் என்று வந்தது. வேறொரு வீட்டிலிருந்து மூடி லேசு என்று வந்தது. ராவுத்தர் எல்லாவற்றையும் சிரத்தையாக ஒரு நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் சரி செய்தார். எதைச் சரி செய்தாலும் பெட்டி திரும்பி வந்தது. கடையில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கி, கடைசியில் அவர் உட்காரவே இடமில்லாமல் ஒரு பெட்டியின்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

வீம்புக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை. தை மாசம் கல்யாணக் காலம். அதற்குள் பெட்டிகள் போகாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஷரபுன்னிசாவின் அண்ணன் முகம்மது கனி பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புரட்டாசியில் ராவுத்தர் அவருக்குக் கடிதம் போட்டார்: 'கப்பல் டிக்கெட் அனுப்புங்கள், தைக்குள் வியாபாரம் திரும்பாவிட்டால் வந்துவிடுகிறேன்.' தபாலில் போட்ட பிறகுதான் மனைவியிடம் சொன்னார். அவள் "சரிங்க" என்றாள். அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள்.

அவருக்குப் போக விருப்பமே இல்லை. தகரமும் சுத்தியலும் பிடித்த கையால் கெஜக்கோல் பிடித்து, மச்சினன் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டுமே என்று நினைத்தாலே அவருக்குக் கசந்தது. அவளைத் தனியே விட்டுவிட்டு எத்தனை வருஷம் என்று நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. ஆனால் 'சரிங்க' என்று சொல்லிவிட்டாளே. அவளே சரி என்ற பிறகு, தான் மட்டும் மூக்கைச் சிந்துவதா?

தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்பார்.

"பினாங்குத் தபால் வந்துச்சா?"

"இல்லீங்க."

மார்கழியில் ஒரு மத்தியானம், சாப்பிட வீட்டுக்குப் போகிற வழியில் தபால்காரர் எதிரே வந்தார்.

"என்ன ராவுத்தரே, பயணம் எப்போ? பினாங்குக் கவர் வந்ததே, கார்த்திகையிலேயே உங்க வீட்டம்மாகிட்டக் குடுத்துட்டேனே."

ராவுத்தருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் போனார். ஷரபுன்னிசா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கவர் இருந்தால் அவள் பெட்டியில்தான் இருக்கும். பூட்டவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாத மூடி என்கிற தைரியத்தில் மெதுவாகத் தூக்கினார்.

பெட்டி அலறியது. சாதாரணக் கீச்சு இல்லை அது. கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஒரு கத்தல். அடுத்த வீட்டு ஆடுகூடப் பதில் சொன்னது. ஈரக் கையோடு ஷரபுன்னிசா ஓடி வந்து நின்றாள்.

"என்ன தேடுறீங்க?"

தபால், பினாங்கு, கவர் எல்லாம் ராவுத்தருக்கு மறந்தே போய்விட்டது. பெற்ற பிள்ளையை யாரோ அடித்துவிட்ட மாதிரி அவர் கீலையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியில் துரு. குழாயில் பச்சைக் களிம்பு.

"யாரு... யாரு என் கீலைக் கெடுத்தது?"

"நான்தான். உப்புத் தண்ணி. தினம் ஒரு கரண்டி."

"அடிப்பாவி! எதுக்கு?"

"யாராச்சும் திறந்தா எனக்குத் தெரியணும்ல? பூட்டு இருந்தா சாவி கேப்பாங்க, குடுக்கலைன்னா சண்டை. சத்தம் இருந்தா சண்டையே இல்ல. தொட்டா நான் வந்து நிப்பேன், அவ்வளவுதான். இந்தச் சத்தமில்லாத பெட்டி திருடனுக்குல்ல ஒத்தாசை."

"நம்ம வீட்ல யாரு திருடன்?"

ஷரபுன்னிசா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் இருந்த அவர் கையைப் பார்த்தாள். ராவுத்தர் கையை எடுத்துக்கொண்டார்.

கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்ட முகங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து நின்றன.

"அப்ப, ஸ்ரீரங்கத்துப் பொம்பளைங்க திருப்பி அனுப்புறதெல்லாம் இதுக்குத்தானா?"

"பின்ன, ரோஜாப்பூவுக்கா?"

"வாயைத் திறந்து சொல்லலாம்ல?"

"எப்படிங்க சொல்லுவாங்க? 'என் வீட்டுக்காரர் என் பெட்டியில கை வைக்கிறாரு'ன்னா? 'மாமியா கிளறுது'ன்னா? அதையும் அந்த வீட்டுக்காரரே வந்து உங்ககிட்டச் சொல்லணும். சொல்லுவாரா?"

இரண்டு வருஷ உழைப்பு, ஒரு கரண்டி உப்புத் தண்ணீரில் கரைந்துபோயிற்று. ராவுத்தர் சாப்பிடாமலே கடைக்கு ஓடினார்.

பித்தளைக் குழாய்களை எல்லாம் ஒன்று விடாமல் உருவிப் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, உண்மைதான். ஆனால் கை நிற்கவில்லை. துரு கீலைத் தின்றுவிடும், அதனால் உப்புத் தண்ணீர் உதவாது. இரும்புக் கம்பியில் அரத்தால் கோடு போட்டு, கம்பி ஒட்டிப் பிடித்துக் கத்தும்படி நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்தை உருக்கித் தடவினார். மூன்றாம் நாள் ஒரு பெட்டி கத்தியது, எதிர்க்கடை எடைத்தராசே ஆடிப்போகிற அளவுக்கு. அதைத் தூக்கி வண்டியில் வைத்து, தானும் ஏறிக்கொண்டார். பிச்சமுத்து மாட்டைத் தட்டிவிட்டார். "போக மட்டுமா, வரவுமா?" என்று கேட்டார்.

சடகோபாச்சாரியார் வீட்டு ரேழியில் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே கூடத்தில் ஆச்சாரியார் கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரங்கநாயகி நிலைப்படிக்கு வந்தாள். மறுபடியுமா என்கிற அலுப்பு முகத்தில் தெரிந்தது.

ராவுத்தர் இந்தத் தடவை பூவைக் காட்டவில்லை, வர்ணத்தைக் காட்டவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. மூடியைத் தூக்கினார்.

வீடு அதிர்ந்தது. கூடத்தில் ஸ்தோத்திரம் பாதியில் நின்றது.

ரங்கநாயகி பெட்டியைப் பார்த்தாள். ராவுத்தரைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் திறங்கோ."

திறந்தார்.

"இருங்கோ, நான் அடுக்களைக்குப் போறேன். இப்போ திறங்கோ." உள்ளேயிருந்து குரல் வந்தது: "பேஷாக் கேக்கறது!" பிறகு கிணற்றடியிலிருந்து, இன்னும் தூரத்தில்: "இங்கேயும் கேக்கறது!" அந்தக் குரலில் பத்து வயசு குறைந்திருந்தது.

ஆச்சாரியார் எழுந்து வந்துவிட்டார். "ராவுத்தரே," என்றார் ஈனசுரத்தில், "துளி எண்ணெய் விட்டா இது சரியாப் போயிடுமோன்னோ?"

எப்போதும் அவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார் ராவுத்தர். அன்றைக்கு அந்த அம்மாளைப் பார்த்தார்.

"எண்ணெய் விட்டா எனக்குத் தெரியணும்" என்றாள் ரங்கநாயகி.

"கீலுக்குக் கீழே வெள்ளையா ஒரு பட்டை அடிச்சுத் தரேம்மா. ஒரு சொட்டு விட்டாலும் வழிஞ்சு கறை தெரியும்."

ஆச்சாரியார் ஸ்தோத்திரத்துக்கே திரும்பிப் போய்விட்டார். எந்த இடத்தில் விட்டார் என்பது அவருக்கு நினைவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமி வந்திருந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "எங்காத்துல மூணு மாட்டுப்பெண்கள். எல்லாப் பெட்டியும் ஒரே குரலாக் கத்தினா, எது கத்தறதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நோட்டு, பேனா ஒன்றும் இல்லாமலே ராவுத்தர் அதை மனசில் எழுதிக்கொண்டார்.

தை பிறந்தது. கம்பியில் அரத்தால் போடுகிற கோடுகளை மாற்றினால் குரல் மாறும் என்று கண்டுபிடித்திருந்தார். ஒன்று மயிலாக அகவும், ஒன்று கதவாக முனகும், ஒன்று சும்மா திட்டும். வாங்க வந்தவர்கள் இப்போதும் ஆண்கள்தான், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு. "இன்னும் கொஞ்சம் சத்தமா வேணுமாம்" என்று தங்கள் வாயாலேயே சொல்லி வாங்கிப் போனார்கள். தை முடியுமுன் ஒரு பெட்டி பாக்கி இல்லை. ராவுத்தர் தரையில் உட்கார்ந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தபோதுதான் அவருக்குச் சட்டென்று அந்தக் கவர் நினைவு வந்தது. எழுந்து போய், ஷரபுன்னிசா பார்க்கவே பெட்டியைத் திறந்தார். அது கத்தித் தீர்த்தது. அவள் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே டிக்கெட் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தை பதினைந்தாம் தேதிக் கப்பல். போய் ரெண்டு வாரம் ஆகிவிட்டது.

கவர் வந்தது கார்த்திகையில். உப்புத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் கார்த்திகையிலா என்று அவர் கேட்கவில்லை. அதற்கு மட்டும் அவருக்குப் புத்தி இருந்தது.

"ஏன் மறைச்சே?"

"நீங்க போகக் கூடாதுன்னு."

"சரிங்கன்னு சொன்னியே?"

"லெட்டரைப் போட்டுட்டு வந்து சொன்னீங்க. வேற என்னத்தைச் சொல்ல?"

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஷரபு!"

"நீங்க கேட்டீங்களா?"

ஊரெல்லாம் போய் ரோஜாவா தாமரையா என்று கேட்டவர், இதே வீட்டில் இதே மனுஷியிடம் கல்யாணமான ஒன்பது வருஷமாக ஒன்றையும் கேட்டதில்லை. ராவுத்தருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தன்னைப் போகவிடாமல் ஒருத்தி தினம் ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள் என்பது பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. துருப்பிடித்த கீலை விரலால் தடவினார்.

"இது இனி தாங்காது. உனக்கு வேற பெட்டி செஞ்சு தரேன். சொல்லு, உனக்கு எப்படி இருக்கணும்?"

ஷரபுன்னிசா அவசரப்படவில்லை. ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறார், நன்றாக யோசித்தாள்.

"நான் திறந்தா சத்தமே வரக் கூடாது. நீங்க திறந்தா மட்டும் கத்தணும்."

ராவுத்தர் கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் ஆகும்" என்றார்.

"ஆகட்டுங்க" என்றாள் ஷரபுன்னிசா.