சத்தமாகச் செய்த ஜெபம்

தபீதாள் வேண்டுமென்றேதான் தாமதமாகக் கிளம்பினாள். முதல் பாட்டு முடிந்த பிறகு உள்ளே நுழைந்து கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டால், ரத்தினபாய் அக்காவின் முகத்தில் விழிக்காமல் தப்பிவிடலாம் என்று நினைப்பு. ஆனால் அன்று அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு. சேலையூர் சபையில் கடைசி பெஞ்சுகள்தான் முதலில் நிரம்பும். இடம் காட்டும் ஞானையா அவளைக் கையசைத்து அழைத்துப்போய், முன்வரிசையில் காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார வைத்தார். பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில், ரத்தினபாய்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் ரத்தினபாய் தன் மகள் பெனிட்டாவுக்கு மாப்பிள்ளை அமைந்த செய்தியோடு இன்னொன்றையும் தபீதாளின் காதில் போட்டிருந்தாள். பெனிட்டாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள்.

"மாப்பிள்ளை வீட்ல நாங்களே பக்குவமா சொல்லிடுவோம். நீ ஜெபத்துல மட்டும் வச்சுக்கோ, தபீதா."

தபீதாளும் வைத்துக்கொண்டாள். எங்கே? மாடம்பாக்கத்தில் நடந்த பெண்கள் ஜெபக்கூட்டத்தில், கண்ணை இறுக மூடி, நோயின் பேர், மாத்திரையின் பேர் எல்லாம் சொல்லி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. ஆண்டவருக்குத் தெரியாத விவரமா அது? நன்றாக ஜெபிக்கிறாய் என்று நாலு பேர் சொல்லிச் சொல்லியே அவளை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆரம்பித்தால் தலைகால் புரியாது. மாப்பிள்ளையின் அத்தை அன்று அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததை, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த பிறகுதான் பார்த்தாள். அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது.

ரத்தினபாய் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் காலிலாவது விழுந்திருக்கலாம். செல்போனில் இவள் நம்பரைப் பார்த்தால் கட் செய்வாள், இவள் போய் நின்றால் கேட்டைத் திறக்கமாட்டாள், அவ்வளவுதான்.

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட தபீதாளுக்குள் இறங்கவில்லை. அடுத்து சமாதானம் கொடுப்பார்களே என்ற பயம்தான் நெஞ்சை அடைத்தது. ஆயர் பலிபீடத்திலிருந்து இறங்கி வந்து ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவரின் கைகளைப் பிடித்துச் சமாதானம் சொல்வார். அந்த ஓரத்து ஆள் தன் பக்கத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டும். அப்படியே கை மாறி மாறிக் கடைசிவரை போகும். ரத்தினபாய் கொடுக்காவிட்டால் பெஞ்சில் உள்ள அத்தனை பேரும் வெறுங்கையோடு நிற்பார்கள். சபையே பார்க்கும். அது கிடக்கட்டும், அக்கா மன்னிக்காத கையை நீட்டி அப்பமும் ரசமும் எப்படி வாங்குவது?

எல்லோரும் எழுந்தார்கள். ஆயர் ரத்தினபாயின் கைகளைப் பிடித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். ரத்தினபாய் அசையாமல் நின்றாள். தபீதாளின் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. கையை நீட்டவும் பயம், மடக்கவும் பயம். பின்வரிசையில் சமாதானம் பாதி தூரம் போய்விட்டது.

ரத்தினபாய் மெல்லத் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன, முகம் கொஞ்சமும் இளகவில்லை. தபீதாளின் இரண்டு கைகளையும் வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"அக்கா, என்ன மன்னிச்சிருங்க."

"எனக்கு இன்னும் ஆறல, தபீதா. ஆனா அவர் குடுத்தத என் கையோட நிறுத்திக்க எனக்கு ரைட் கெடையாது. பிடி."

தபீதாள் பிடித்துக்கொண்டாள். ரத்தினபாய் கையை விடுமுன் காதருகே குனிந்தாள்.

"பெனிட்டாவுக்காக ஜெபம் பண்ணு. வாயத் தொறக்காம."

தபீதாள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுபக்கம் திரும்பி, காத்திருந்த பெண்ணின் கைகளை ஈரக் கைகளால் பற்றினாள். அழுகை தொண்டைவரை வந்தது. சத்தம் வெளியே வராமல் விழுங்கினாள்.