கமாவோடு சேர்த்து

இதழைப் பிரித்ததும் வெர்னாவுக்குத் தன் கவிதையே அடையாளம் தெரியவில்லை. கீழே அவள் பெயர் இருந்தது. மேலே இருந்தது வேறு எதுவோ. நான்கு நான்கு அடிகளாக, அடிக்கு அடி எதுகை வைத்து அவள் எழுதியதை யாரோ கோழியை உரிப்பதுபோல் உரித்துப் பக்கம் முழுக்க இறைத்திருந்தார்கள். ஒரு கமாகூட மிஞ்சவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில், ஐனெஸ் நடத்திய காப்பிக்கடையில் அன்று மாலை புது இதழின் வெளியீடு. 1958ஆம் வருடம். கறுப்பு ஸ்வெட்டரும் தாடியுமாகக் கூட்டம் நிரம்பி வழிந்தது. வெர்னா மட்டும் சாம்பல் நிறக் கோட்டு, பாவாடை, தொப்பியோடு வந்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை முடிந்து நேரே வந்தவளுக்கு உடை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

நிலையத்தில் ஆபரேட்டர்கள் என்ன பேசலாம் என்பதைக் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் முதுகுக்குப் பின்னால் நிற்கும் சூப்பர்வைசர் குறித்துக்கொள்வாள். நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியங்களைச் சொல்லிவிட்டு வீடு திரும்பி, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெர்னா தன்னுடையதை எழுதுவாள். அவள் கவிதையின் சந்தம் மினசோட்டாவில் அவள் விட்டு ஓடிவந்த தேவாலயத்துப் பாட்டுகளிலிருந்து வந்தது. சாமியை அங்கேயே விட்டாயிற்று. மெட்டு மட்டும் கூடவே வந்துவிட்டது. அவளுக்கு அது வேண்டியிருந்தது.

இதழாசிரியர் டுவைட் பெல்லம் ஒயின் கோப்பையோடு சுவரில் சாய்ந்திருந்தான். வெர்னா பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"டுவைட், என்ன இது?"

"விடுதலை குடுத்திருக்கேன் செல்லம். உள்ள நல்ல சரக்கு இருந்துச்சு. நீதான் இறுக்கி பெல்ட் போட்டு வச்சிருந்தே. அவுத்து விட்டுட்டேன், அவ்வளவுதான்."

"நான் கேட்டேனா?"

"எதுகை வச்சு இந்தக் காலத்துல யாரு எழுதறா? பொறந்தநாள் கார்டு கம்பெனிக்காரன் எழுதுவான்."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் ஒரு தாடி, "அந்தத் தொப்பிக்கு அந்த எதுகைதான் சரி!" என்றது. சிரிப்பு இன்னும் பெருத்தது.

வெர்னாவுக்குக் காது மடல் வரை கொதித்தது. "அங்க ஒருத்தி என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, நான் பேசறத அளக்கறா. அவளாவது சம்பளத்துக்குச் செய்யறா. நீ எதுக்குய்யா செய்யறே?"

"நாங்க யாரையும் கட்டுப்படுத்தறதில்ல, வெர்னா. இங்க சட்டமே கிடையாது."

"அப்புறம் ஏன் எல்லாரும் ஒரே தையக்காரன்கிட்ட அளவு குடுத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் மேடையேறி, கவிதையைத் தான் முதலில் எழுதிய வடிவத்திலேயே மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது பத்தியிலேயே, மேடையோரம் உட்கார்ந்திருந்த மேளக்காரன் அவள் சந்தத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட அணிவகுப்புபோல் தட்டத் தொடங்கினான். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே கால்களைத் தரையில் உதைத்து நடை போட்டார்கள். அவள் குரல் அதில் அமுங்கிப்போனது.

வெர்னா நிறுத்தினாள். இறங்கினாள். இதழ்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் போய் முதல் பிரதியை எடுத்து, தன் பக்கத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். அடுத்தது. அதற்கடுத்தது.

டுவைட் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "ஏய், ஏய்! பின்பக்கம் என்னோடது இருக்கு!"

சுதந்திரத்தைப் பற்றி அவன் எழுதிய நீண்ட கவிதை அங்கேதான் தொடங்கியது.

"பாத்தேன். நல்லாக் கிழியுது."

அவன் கையைப் பிடிக்க வந்தபோது முழங்கையால் ஒரு இடி இடித்தாள். முக்கால்வாசி அடுக்கு முடிந்தபோதுதான் ஐனெஸ் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "போயிடும்மா. இனிமே இந்தப் பக்கம் வராதே."

தெருவில் நின்று மூச்சு வாங்கினாள். கிழித்த காகிதங்கள் இன்னும் கைநிறைய இருந்தன. கதவு மறுபடி திறந்தது. டுவைட்டின் மனைவி கொரின்.

"அதை டைப் பண்ணினது யாருன்னு நெனச்சே?" கொரின் கத்தினாள். "சைக்ளோஸ்டைல் மிஷினைச் சுத்திச் சுத்தி ஒவ்வொரு தாளா அச்சடிச்சது யாரு? அவனா? அவனுக்கு மை ஊத்தக்கூடத் தெரியாது. என் கை ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நீ பாட்டுக்குக் கிழிச்சுட்டு வந்துட்டே!"

வெர்னா திகைத்துப்போனாள். இதழில் கொரினின் பெயர் எங்குமே கிடையாது. யார் அச்சடிக்கிறார்கள் என்று தானும் ஒருநாள்கூட நினைத்ததில்லை.

"உன் உழைப்பைக் கிழிச்சதுக்கு மன்னிச்சுக்க," என்றாள். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சதுக்கு இல்ல."

கொரின் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் உன் பாட்டுப் பிடிக்கல. சர்ச்சுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு," என்றாள். "ஆனா அவன் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு கமாவா எடுத்தப்போ எனக்கே அசிங்கமா இருந்துச்சு. எடுத்தேன். அதான் இப்ப எரியுது."

கொரின் வீங்கிய விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"மிஷின் என் சமையலறைல இருக்கு. சனிக்கிழமை வா. நீதான் சுத்தணும்."

சனிக்கிழமை வெர்னா சுற்றினாள். கொரின் புது ஸ்டென்சில் தாளில் கவிதையை அவள் சொன்னபடியே டைப் அடித்திருந்தாள், கமாவோடு சேர்த்து. டுவைட் வாசற்படியில் நின்று, "இது பிற்போக்கு, கொரின். என் வீட்ல இது நடக்கக் கூடாது," என்றான்.

"சிகரெட் சாம்பல் தாள்ல விழுது. தள்ளி நில்லு," என்றாள் கொரின், திரும்பிப் பார்க்காமலே.

மறுநாள் வெர்னா அதே தொப்பியோடு காப்பிக்கடைக்கு எதிர்நடைபாதையில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் தாளை நீட்டினாள். பலர் வாங்கவில்லை. ஒரு மாலுமி வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெளியீட்டன்று பின்வரிசையில் உட்கார்ந்து கேலி செய்த தாடிக்காரன் தெருவைக் கடந்து வந்து, கையில் வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"இப்பவும் எனக்குப் பிடிக்கல," என்றான்.

"பிடிக்க வேணாம். திருத்தாம வச்சுக்க, இல்ல திருப்பிக் குடு."

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். வெர்னா அதன் கசங்கலை நீவிவிட்டு, அடுத்து வந்தவரிடம் நீட்டினாள்.